ஆமைக்கு ஓடு வீடா, உடம்பா?

சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் ஆமைமேல் வண்டி ஏறி, ஓட்டில் விரிசல் விழுந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். "ஓடுதானே, நகம் மாதிரி. போனால் வேறு முளைக்கும்" என்று கூட வந்தவர் சொன்னாராம். அது உண்மையா, ஆமைக்கு வலித்திருக்குமா, அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்புறம், ஆமை முந்நூறு வருடம் வாழும் என்கிறார்களே, அது இந்த ஓட்டின் தயவில்தானா என்றும் ஒரு கேள்வி. தனித்தனிக் கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: ஓடு என்பது ஆமை வைத்திருக்கும் ஒரு பொருளா, இல்லை அதுவேதான் ஆமையா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். நான் கால்நடை மருத்துவர். ஆடு, மாடு, நாய் என்று தொடங்கி, இருபது வருடமாகப் பெரும்பாலும் ஊர்வனவற்றைத்தான் பார்க்கிறேன். ஆமையின் உடம்பைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. புதைபடிவங்கள், கடல் பயணம் பற்றிச் சொல்வதெல்லாம் உங்களைப் போலப் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமையால் ஓட்டை விட்டு வெளியே வர முடியாது. காலிச் சங்குக்குள் புகுந்து வாழும் துறவி நண்டு, வளர வளரச் சங்கை மாற்றிக்கொள்ளும். கார்ட்டூனில் வரும் ஆமையும் சட்டையைக் கழற்றுவதுபோல் ஓட்டைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நிற்கும். நிஜ ஆமையின் ஓட்டைக் கழற்றுவது என்றால் அதன் முதுகெலும்பையும் விலா எலும்புகளையும் பிடுங்குவது என்று அர்த்தம். படிக்கிற காலத்தில் ஆய்வகத்தில் ஒரு காய்ந்த ஆமை ஓட்டைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார்கள். வெளியே வழவழவென்று இருந்தது, உள்ளே ஒரு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தது போல இருந்தது. நடுவில் முகட்டு உத்தரம் மாதிரி முதுகெலும்பு தலைமாட்டிலிருந்து வால்மாடு வரை ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் சரங்கள் இறங்குவதுபோல விலா எலும்புகள். ஆனால் சரங்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. எலும்பு அகன்று அகன்று பக்கத்து எலும்போடு ரம்பப் பல் போலக் கோத்துக்கொண்டிருக்கிறது. முதுகோடு, வயிற்றோடு இரண்டையும் சேர்த்தால் ஐம்பது அறுபது எலும்புகள் வரும்.

அந்த எலும்புக்கு மேலேதான் நாம் வெளியே பார்க்கும் கட்டங்கள். அவை கெரட்டின் தகடுகள். நம் நகமும் மாட்டுக் கொம்பும் அதே சரக்குதான். ஆகவே உங்கள் நண்பர் சொன்னது கால்வாசி சரி. மேல்தோல் நகம்தான், அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. தகடுகளின் விளிம்பும் எலும்புகளின் விளிம்பும் ஒரே இடத்தில் வருவதில்லை. கொத்தனார் செங்கல்லை வரிசைக்கு வரிசை தள்ளி வைத்துக் கட்டுவாரே, அதேபோல ஒன்றின் இணைப்பு மற்றதன் நடுவில் விழுகிறது. ஓடு அத்தனை பலமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. நன்னீர் ஆமைகள் பலவும் வளரும்போது பழைய தகடுகளை மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி உரித்துப் போடும். "ஓடு கழன்று விழுகிறது டாக்டர்" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள்.

வலி விஷயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அந்த எலும்பில் ரத்த ஓட்டம் உண்டு, நரம்பும் உண்டு. காயம்பட்ட ஆமையின் ஓட்டைப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவும்போது சில ஆமைகள் பின்பக்கத்தைத் தூக்கி அசைத்துக்கொண்டு நிற்கும். பாதி சுகம், பாதி கூச்சம் என்று நான் எடுத்துக்கொள்வேன். அது என் ஊகம். ஆனால் ஓட்டின்மேல் விரல் படுவது அதற்குத் தெரிகிறது என்பது ஊகம் அல்ல. விரிசல் விழுந்தால் வலிக்கும். அதனால்தான் ஓடு உடைந்து வரும் ஆமைக்கு வலி மருந்தும் கொடுக்கிறோம்.

ஆமையின் உடம்பில் இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. உங்கள் கையைப் பின்னால் வளைத்துத் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அது விலாக்கூட்டுக்கு வெளியே, மேலே உட்கார்ந்திருக்கும். மாடு, கோழி, பல்லி எதைப் பார்த்தாலும் இதே கதைதான். ஆமைக்கு மட்டும் தோள்பட்டை விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது விலா எலும்புகள் கீழ்நோக்கி வளையாமல் பக்கவாட்டில் விரிந்து வளர்வதால், தோள் அவற்றின் அடியில் மாட்டிக்கொள்கிறது.

இப்படி ஓர் உடம்பு எப்படி வந்தது என்று உயிரியலாளர்கள் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008-ல் சீனாவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை விவரித்தபோதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஒடொன்டோகெலிஸ் என்று பெயர். சுமார் 22 கோடி வருடப் பழசு. அதற்கு வயிற்றோடு முழுமையாக இருந்தது, முதுகோடு இல்லை, விலா எலும்புகள் அகன்றிருந்தன, அவ்வளவுதான். வாயில் பல்லும் இருந்தது. இன்றைய ஆமை எதற்கும் பல் கிடையாது, கிளி மூக்கு மாதிரி அலகுதான். அதற்கும் முன்னால், தென்னாப்பிரிக்காவில் 26 கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்த யூனோடோசாரஸ் என்ற பிராணிக்கும் விலா எலும்பு துடுப்பு போல அகன்றிருந்தது. அதுதான் ஆமையின் மூதாதை என்று பலர் ஏற்கிறார்கள், விவாதம் முழுசாக முடியவில்லை. 2016-ல் ஓர் ஆய்வுக் குழு இன்னொரு யோசனையைச் சொன்னது: அகன்ற விலா முதலில் பாதுகாப்புக்காக வரவில்லை, முன்னங்காலால் மண்ணைத் தோண்டும்போது உடம்பு ஆடாமல் நிற்க வந்தது, கவசமானது பிற்பாடுதான். விலா அகன்றால் மூச்சு விடுவது கஷ்டம், ஓட்டமும் குறையும். பாதி கவசத்துக்காக அத்தனை நஷ்டத்தை ஒரு பிராணி ஏன் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த யோசனை நன்றாகவே பதில் சொல்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனாலும் இது இன்னும் கருதுகோள்தான்.

மூச்சுக் கஷ்டம் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் ஓட்டின் விலை தெரியும். நீங்கள் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் விரிகின்றன. ஆமையின் விலாதான் ஓடாகிவிட்டதே, அது எங்கே விரிவது? அதனால் வேறு வழி. கால்கள் உடம்புக்குள் நுழையும் இடங்களை ஒட்டி உள்ளே தசைகள் இருக்கின்றன. சில தசைகள் குடல், ஈரல் எல்லாவற்றையும் மேலே தள்ளி நுரையீரலை அமுக்கும், காற்று வெளியே போகும். சில தசைகள் அவற்றைக் கீழே இழுக்கும், காற்று உள்ளே வரும். ஆமையைத் திடீரென்று தொட்டால் "ஸ்ஸ்" என்று சீறும், கவனித்திருக்கலாம். கோபம் என்று நினைப்போம். தலையையும் காலையும் அவசரமாக உள்ளே இழுக்கும்போது இடம் போதாமல் நுரையீரலில் இருக்கும் காற்று பிதுங்கி வெளியே வருகிற சத்தம் அது.

நுரையீரல் இருப்பது முதுகோட்டுக்கு நேர் கீழே. மல்லாந்து கிடக்கும் ஆமைக்கு உள்ளுறுப்புகளின் எடை முழுவதும் நுரையீரல்மேல் இறங்கும். வெயிலில் அப்படியே கிடந்தால் செத்துப்போகும். ஆகவே மறுபடி நிமிர்வது அதற்கு உயிர்ப் பிரச்சினை. தட்டையான ஓடு உள்ளவை நீண்ட கழுத்தை ஊன்றிப் புரள்கின்றன. கூம்பலான ஓடு உள்ளவற்றுக்குக் கழுத்து குட்டை, ஆனால் ஓட்டின் வடிவமே உருட்டிவிடும். எப்படி வைத்தாலும் தானாக நிமிரும் ஒரு கணித வடிவத்தை ஹங்கேரியைச் சேர்ந்த இரண்டு பேர் 2006 வாக்கில் செய்து காட்டினார்கள். கோம்போக் என்று அதற்குப் பெயர். உள்ளே எடை ஏதும் ஒளித்து வைக்கவில்லை, வெறும் வடிவம்தான். அதைச் செய்து முடித்த கையோடு அவர்கள் ஆமைகளை அளக்கப் போனார்கள். நட்சத்திர ஆமையின் ஓடு அந்த வடிவத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

தலை, நான்கு கால் என்று ஐந்தையும் அடக்கும் பிராணி என்று ஆமையைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஏறத்தாழ 350 இனங்களில் எல்லாமே அப்படி இல்லை. கடலாமைகளால் தலையையும் துடுப்பையும் உள்ளே இழுக்கவே முடியாது, நீந்துவதற்காக அந்த வசதியை விட்டுக்கொடுத்துவிட்டன. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு பெரிய பிரிவு, கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்கடியில் செருகிக்கொள்ளும். பெட்டி ஆமைக்கு வயிற்றோட்டில் கீல் உண்டு, கதவைச் சாத்துவதுபோல மூடிக்கொள்ளும். கென்யா, தான்சானியாவில் அப்பம் போலத் தட்டையாக, ஓடு நெகிழ்வாக ஒரு நில ஆமை இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் ஒளிவதை நம்பாமல் பாறை இடுக்குக்கு ஓடும். ஏழுவரி ஆமை என்று சொல்கிற தோல்முதுகுக் கடலாமைக்குக் கெட்டி ஓடே இல்லை, ரப்பர் மாதிரி தோலும் அதற்கடியில் சின்னச் சின்ன எலும்புச் சில்லுகளும்தான். உலகின் மிகப்பெரிய ஆமையும் அதுதான். 1988-ல் வேல்ஸ் கடற்கரையில் ஒதுங்கிய ஒன்று 900 கிலோவைத் தாண்டியது. இந்த இனம் 1,200 மீட்டருக்கும் கீழே மூழ்கியதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு நெகிழும் ஓடுதான் தோது.

மூச்சு விஷயத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்று ஆமை, பின்பக்கத் துவாரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து அதிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், தேவையில் பாதிக்கும் மேல் சில சமயம் அந்த வழியாகவே கிடைத்துவிடும். இன்னொன்று வட அமெரிக்காவின் வண்ண ஆமை. குளம் உறைந்துபோனால் பனிக்கடியில், ஏறத்தாழ 3 டிகிரி குளிரில், ஆக்சிஜனே இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும். இதயம் ஒரு தடவை துடித்தால் அடுத்த துடிப்புக்கு நிமிடக் கணக்கு ஆகும். ஆக்சிஜன் இல்லாமல் உடம்பு ஓடினால் லாக்டிக் அமிலம் சேரும். ஓடிக் களைத்தவரின் தசையில் சேர்வதுதான். இத்தனை நாள் சேர்ந்தால் எந்த உயிரும் தாங்காது. ஆமை என்ன செய்கிறது என்றால், ஓட்டிலிருந்து கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகளைக் கரைத்து ரத்தத்தில் விட்டு அமிலத்தை முறிக்கிறது. மிச்ச அமிலத்தை ஓட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ப் பூட்டியும் வைக்கிறது. டொனால்ட் ஜாக்சன் என்ற உடலியலாளர் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இதையே ஆராய்ந்தார். ஓடு கவசம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது மருந்துப் பெட்டியும்தான் என்று புரிந்தது அவருடைய வேலையைப் படித்தபோதுதான்.

எங்கள் தொழிலில் இதனால் ஒரு சங்கடம் உண்டு. ஆமை செத்துவிட்டது என்று முடிவு சொல்வது லேசான காரியம் இல்லை. ஒரு முறை அட்டைப் பெட்டியில், துணி போர்த்தி, கிட்டத்தட்ட புதைக்கப் போகிற நிலையில் ஓர் ஆமையைக் கொண்டுவந்தார்கள். கண் மூடியிருந்தது, கால் தொங்கியது, காலைக் கிள்ளினாலும் இழுக்கவில்லை. கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவே இருக்கும் குழியில், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியை வைத்துக் காத்திருந்தேன். வெறும் இரைச்சல். எடுத்துவிடலாம் என்று நினைக்கிற நேரத்தில் ஒரே ஒரு "வூஷ்". அப்புறம் நீண்ட மௌனம். மறுபடியும் ஒன்று. உடம்பை மெதுவாகச் சூடேற்றி, நீர்ச்சத்து ஏற்றி, மூன்றாம் நாள் அது கண்ணைத் திறந்தது. எல்லா ஆமையும் இப்படிப் பிழைப்பதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆமை விஷயத்தில் நான் அவசரப்பட்டு வாயைத் திறப்பதில்லை.

இனி வயது. முந்நூறு வருடம் என்பதற்கு ஆதாரம் இல்லை. நன்றாகப் பதிவான உச்சம் என்றால் செயின்ட் ஹெலினா தீவின் ஜோனதன் என்ற ராட்சத ஆமையைச் சொல்லலாம். 1882-ல் அந்தத் தீவுக்குக் கொண்டுவரும்போதே அது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று வைத்திருக்கிறார்கள். 190 வயதைத் தாண்டிவிட்டது என்று சொல்வது இந்தக் கணக்குதான், பிறப்புச் சீட்டு கிடையாது. கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் 2006-ல் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு 255 வயது என்று செய்தி வந்தது, அது உறுதிப்படவில்லை. இவையெல்லாம் தீவுகளின் ராட்சத நில ஆமைகள். சாதாரண நன்னீர் ஆமை நல்லபடியாக இருந்தால் முப்பது, நாற்பது வருடம். கட்டங்களில் தெரியும் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். மரத்தைப் போல வருடத்துக்கு ஒன்று என்று வருவதில்லை. நல்ல தீனி கிடைத்த வருடத்தில் இரண்டு வரலாம். வயதான ஆமையில் வளையமே தேய்ந்து வழவழப்பாகிவிடும்.

நிதான நடைக்கும் நீண்ட ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஓட்டுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. எலியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றோ நாளையோ யாராவது தின்றுவிடப் போகிறார்கள் என்கிற உடம்புக்கு, பழுதுபார்ப்பதில் முதலீடு செய்து பலன் இல்லை. சீக்கிரம் குட்டி போட்டுவிட வேண்டியதுதான். கவசம் போட்ட உடம்பை வளர்ந்த பிறகு தின்பவர்கள் குறைவு. ஆகவே நிதானமாக வளர்ந்து, உடம்பைப் பராமரித்து, பல வருடம் முட்டையிடுவது லாபம். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு 77 ஊர்வன, நீர்நில வாழ்வன இனங்களை ஒப்பிட்டு, ஓடு, விஷம் மாதிரிப் பாதுகாப்பு உள்ளவை மெதுவாக மூப்படைகின்றன என்று காட்டியது. அதே சமயம் வந்த இன்னொரு ஆய்வில், உயிரியல் பூங்காக்களில் வாழும் 52 ஆமை இனங்களில் முக்கால்வாசிக்கு மூப்பு மிக மெதுவாகவோ, கிட்டத்தட்ட இல்லாமலோ இருந்தது. பத்திரிகைகள் இதை "ஆமைக்கு முதுமையே இல்லை" என்று எழுதின. அந்த ஆய்வுகள் சொன்னது அதுவல்ல. வயது ஏற ஏறச் சாவதற்கான வாய்ப்பு நமக்கு ஏறுவதுபோல் ஆமைக்கு ஏறவில்லை என்பதுதான் செய்தி. ஜோனதனுக்கே கண்புரை வந்து பார்வை போய்விட்டது, மோப்பமும் போய்விட்டது.

ஆனால் ஓட்டின் பலன் எல்லாம் வளர்ந்த பிறகுதான். முட்டைக்கும் குஞ்சுக்கும் அது உதவுவதே இல்லை. பங்குனி ஆமை என்ற கடலாமை கரையேறி முட்டையிடுவதைப் பக்கத்தில் இருந்து ஒரு தடவை பார்த்தால் இது நன்றாகப் புரியும். மணலில் பள்ளம் பறிப்பது பின்துடுப்புகள். பார்க்காமலே பறிக்கும். ஒரு துடுப்பு கையைக் குவிப்பதுபோல வளைந்து கைப்பிடி மணலை அள்ளி மெதுவாக வெளியே வைக்கும், உடனே மற்ற துடுப்பு முன்னால் கிடக்கும் மணலைத் தட்டிவிடும், பிறகு முறை மாறும். துடுப்பு எட்டுகிற ஆழம்தான் பள்ளத்தின் ஆழம். பிறகு இரண்டு மூன்றாக, பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக நூறு முட்டை வரை விழும். தோல் நெகிழ்வாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் உடையாது. முடிந்ததும் மணலை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, வயிற்றோட்டால் "தொம் தொம்" என்று தட்டி இறுக்கும். கண்ணில் தண்ணீர் வழியும். பிரசவ வேதனையில் அழுகிறது என்பார்கள். கண்ணோரச் சுரப்பி உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அது வழிந்துகொண்டேதான் இருக்கிறது. அப்புறம் தாய் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஏழெட்டு வாரத்தில் பொரியும் குஞ்சுகளை நண்டு, நாய், பறவை, மீன் எல்லாம் காத்திருந்து தின்னும். ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்று எல்லோரும் சொல்லும் எண், ஒரு தோராய மதிப்பு. இனத்துக்கு இனம், கரைக்குக் கரை அது மாறும். இத்தனை இழப்பை ஈடுகட்டத்தான் நீண்ட ஆயுள். பல வருடம் காத்திருந்து வளர்ந்த ஒரு பெண் ஆமையை வலையில் சாகவிடுவது, அது இன்னும் இடவேண்டிய ஆயிரக்கணக்கான முட்டைகளையும் சேர்த்து இழப்பது.

வலையில் ஏன் சாகிறது என்று சிலர் கேட்பார்கள், தண்ணீரில் வாழ்கிற பிராணிதானே என்று. கடலாமைக்கும் நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் நம்மைப் போலவே மூழ்கிச் சாகும். இதேபோல் இன்னொரு தவறு: தமிழில் எல்லாவற்றுக்கும் ஆமை என்று ஒரே பெயர் இருப்பதால், நில ஆமையைக் கொண்டுபோய்க் குளத்தில் "விடுதலை" செய்துவிடுகிறார்கள். தூண் மாதிரிக் கால், தடித்த நகம், மேடான ஓடு இருந்தால் அது நில ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால்தான் தண்ணீர் ஆமை.

முட்டை பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். பெரும்பாலான ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. கடலாமைகளில் சுமார் 29 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் சூடானால் பெண், குறைந்தால் ஆண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) பற்றி 2018-ல் வெளியான ஆய்வில், வளர்ந்தவற்றில் 87 சதவீதம் பெண், இளையவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் பெண். கரை சூடாகிவருவது இப்படித் தெரிகிறது. பிறந்தவை கடலுக்குள் போனால் வழி கண்டுபிடிப்பது பூமியின் காந்தப்புலத்தை வைத்து. ஆய்வகத் தொட்டியில் காந்தப்புலத்தை மாற்றினால் குஞ்சு நீந்தும் திசையும் மாறுவதை சோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்தோனேசியாவின் பப்புவாவில் முட்டையிட்ட ஓர் ஏழுவரி ஆமையின் முதுகில் கருவி பொருத்தியபோது, அது 647 நாட்களில் 20,558 கிலோமீட்டர் நீந்தி அமெரிக்காவின் மேற்குக் கரைவரை போயிருந்தது. பிறந்த கரைப் பகுதிக்கே பல வருடம் கழித்துத் திரும்புவதும் இதே காந்த நினைவில்தான் என்பது இன்று வலுவான கருத்து.

இனி உங்கள் கேள்விகளில் மிச்சம் இருப்பது, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது. சாலையில் ஆமையைக் கண்டால், காயமில்லை என்றால் அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். திருப்பி விட்டால் மறுபடியும் கடக்க வரும். ஓடு உடைந்திருந்தால் பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து, கவிழ்க்காமல், காற்றோட்டமுள்ள பெட்டியில் சுத்தமான காய்ந்த துணிமேல் வையுங்கள். தண்ணீர் ஆமையாகவே இருந்தாலும் தண்ணீரில் விடாதீர்கள், விரிசல் வழியாக உள்ளே இறங்கும். தீனி வேண்டாம். பசை, சிமெண்ட், பிசின் எதையும் பூசாதீர்கள், அழுக்கோடு சேர்த்து அடைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும். நுரையீரல் வெளியே தெரிகிற அளவுக்கு உடைந்தும் பிழைத்தவை உண்டு. நம்மைப் போல உதரவிதானத்தால் மூச்சு விடும் உடம்பாக இருந்தால் அந்தக் காயத்தோடு தாங்குவது கஷ்டம். வனத்துறைக்கோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவருக்கோ சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று துல்லியமாகக் குறித்து வையுங்கள், குணமான பிறகு அங்கேதான் விட வேண்டும். அடிபட்டது பெண்ணாக இருந்தால் எக்ஸ்ரேயில் முட்டை தெரியும். தாய் பிழைக்காவிட்டாலும் சில சமயம் முட்டையைக் காப்பாற்றிப் பொரிக்க வைத்திருக்கிறோம்.

விரிசல் கூடுமா என்றால், கூடும். எலும்பு கூடுகிற வேகத்தில், ஆமையின் எலும்பு கூடுகிற வேகத்தில். சிறு திருகுகளும் கம்பியும் போட்டு நான் சேர்த்துக் கட்டிய ஓர் ஆமைக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கம்பியை எடுத்த அன்று விரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. உடைந்த கட்டம் பழைய நிறத்தில் திரும்ப வரவில்லை, கரடுமுரடாக, சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. எடுத்த இடத்துக்கே கொண்டுபோய்க் கீழே வைத்தேன். பத்து நிமிடம் தலையை வெளியே நீட்டவே இல்லை. நான் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்த பிறகு, "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுப் புல்லுக்குள் போய்விட்டது.